தோற்றவன் சாட்சி

ராயபுரம் கல்மண்டபத்துக்கு அருகில் நான் வழக்கமாகத் தேநீர் குடிக்கிற கடையில், சில வருஷங்களாக இரண்டு விஷயங்களைப் பற்றித்தான் ஓயாத சர்ச்சை. ஒன்று, எந்த வியாதிக்கு எந்தப் பச்சிலை கேட்கும் என்பது. மற்றொன்று, எந்த நாணயம் ஏறும், எது இறங்கும் என்பது. நாணயம் என்றால் பையில் போட்டால் சத்தம் கேட்கிற நாணயம் அல்ல. பிட்காயின் முதலான, கண்ணால் காணாத, கணக்கில் மட்டுமே இருக்கிற கிரிப்டோ நாணயங்கள்.

அங்கே வருகிறவர்கள் வேலையற்றவர்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காசிமேட்டில் விடியற்கால ஏலத்தை முடித்துவிட்டு மீன் வாடையோடு வருகிறவர்கள்; துறைமுகத்துக்குள் நுழைவதற்காக எண்ணூர் விரைவுச் சாலையில் மணிக்கணக்கில் வரிசை பிடித்து நிற்கிற கண்டெய்னர் லாரி ஓட்டுநர்கள்; கிளியரிங் ஏஜெண்டுகளிடம் வேலை பார்க்கும் பையன்கள்; துறைமுகத்தில் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர்கள். உடம்பும் பணமும்தானே இவர்களுக்கு முதல்? அவற்றைப் பற்றி இவர்கள் பேசாமல் வேறு யார் பேசுவது?

முதலில் இவ்விரண்டையும் சம்பந்தமில்லாத சர்ச்சைகள் என்றே நான் எண்ணியிருந்தேன். ஆவாரம்பூவுக்கும் அமெரிக்க டாலருக்கும் என்ன உறவு? கேட்கக் கேட்கத்தான் இரண்டும் ஒரே சர்ச்சை என்பது புலப்பட்டது. "எங்க மாமாவுக்கு சர்க்கரை முந்நூறு இருந்தது சார், இந்தப் பொடியில நார்மல் ஆயிட்சி" என்பான் ஒருவன். "எங்க மச்சான் இருபதாயிரம் போட்டான், பைக் வாங்கிட்டான்" என்பான் மற்றவன். வாதம் இதுதான், வாதத்தின் முடிவும் இதுதான். எதிரியும் ஒருவனேதான். "டாக்டருங்க இத்தச் சொல்ல மாட்டாங்க", "பேங்க்காரன் அத்தச் சொல்ல மாட்டான்."

இதைக் கேட்டுச் சிரிக்க என்னால் முடியவில்லை. இந்தப் பிரதேசத்து ஜனங்களிடம் அதிகாரமுள்ளவர்களை நம்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தது. வலையும் படகும் கறுத்துப் போயின. அந்தக் கறை போவதற்கு முன்பே, அதே மாதம் 26-ஆம் தேதி இரவில் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடியவர்களுக்கு ஆபத்தை முதலில் அறிவித்தது அவரவர் மூக்குத்தான். நிபுணர்களும் அதிகாரிகளும் நமக்காக விழித்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கை அப்படிப்பட்ட ஓரிரவில் எவ்வளவு மிஞ்சும்?

சர்க்கார் சொல்வதையாவது பிடித்துக்கொள்ளலாம் என்றால், அதுவும் சுலபமல்ல. 2018 ஏப்ரலில் இந்த நாணய வியாபாரத்துக்கு வங்கிகள் துணை போகக் கூடாதென்றது ரிசர்வ் வங்கி. 2020 மார்ச்சில் அந்த உத்தரவை உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. 2022 ஏப்ரல் முதல் இதில் வரும் லாபத்துக்கு 30 சதவீதம் வரி என்றது மத்திய சர்க்கார். ஒன்றில் நஷ்டம் வந்தால் அதை இன்னொன்றின் லாபத்தில் கழித்துக்கொள்ளவும் கூடாது! 'தப்பான தொழில்னா வரி எதுக்கு?' என்று கடையில் ஒரு பையன் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. மருந்து விஷயமும் இப்படித்தான். டெங்குக் காலத்தில் நிலவேம்புக் குடிநீரையும், 2020 கொரோனாவில் கபசுரக் குடிநீரையும் தமிழ்நாட்டு அரசாங்கமே ஊற்றிக் கொடுத்தது. நானும் வரிசையில் நின்று, முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தவன்தான்.

ஆகவே பச்சிலையா மாத்திரையா, வங்கியா பிட்காயினா என்று கட்சி கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சர்க்கரை வியாதிக்காரர்கள் விழுங்குகிற மெட்ஃபார்மின் மாத்திரைக்கே பூர்வீகம் ஐரோப்பாவில் விளைகிற ஒரு செடி. மலேரியாவுக்கான ஆர்டெமிசினினைச் சீனத்துப் பெண்மணி டூ யூயூ கண்டெடுத்ததற்கு வழிகாட்டியது 1,600 வருஷத்துக்கு முந்திய ஒரு வைத்தியச் சுவடி. அதற்காக 2015-இல் நோபல் பரிசும் பெற்றார். பழையது என்பதால் ஒன்று பொய்யாகிவிடாது. பழையது என்பதாலேயே மெய்யாகிவிடுவதும் இல்லை. பிறகு எதை வைத்துத்தான் தீர்மானிப்பது?

இந்த இடத்தில் எனக்கு ஒரு கப்பல் ஞாபகம் வருகிறது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் வாழ்கிறவனுக்குக் கப்பல்தானே ஞாபகம் வரும்! 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற ஆங்கிலக் கடற்படை வைத்தியர், ஈறு அழுகிக் கிடந்த ஸ்கர்வி நோயாளிகளான மாலுமிகள் பன்னிரண்டு பேரை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். ஒரு ஜோடிக்குக் காடி. ஒரு ஜோடிக்குக் கடல் தண்ணீர். ஒரு ஜோடிக்கு நீர் கலந்த அமிலம். இப்படியே ஆறு விதம். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர் சீக்கிரமே எழுந்து நடந்தார்கள். பள்ளிப் புத்தகங்கள் எலுமிச்சையைப் பற்றித்தான் பேசும். எனக்கு முக்கியமாகப் படுவது மற்றப் பத்துப் பேர். எழுந்து நடக்காதவர்களையும் அவர் எழுதி வைத்தார். காடி குடித்தவன் என்ன ஆனான், கடல் தண்ணீர் குடித்தவன் என்ன ஆனான் என்று தெரிந்ததனால்தான் எலுமிச்சையின் பெருமை தெரிந்தது. (தெரிந்தும் 1795 வரை அதை எல்லாக் கப்பல்களுக்கும் கொடுக்க ஆங்கிலக் கடற்படைக்கு மனம் வரவில்லை. அது வேறு கதை.)

எங்கள் தேநீர்க் கடையில் அந்தப் பத்துப் பேர் இல்லை. குணமானவனின் மாமா இருக்கிறார். பைக் வாங்கியவனின் மச்சான் இருக்கிறான். பொடி தின்றும் குணமாகாதவன், போட்ட பணம் போனவன் – இவர்களெல்லாம் எங்கே?

ஒருவன் எங்கே என்று எனக்குத் தெரியும். அவன் அதே பெஞ்சியில், கையில் தேநீர்க் கிளாஸோடு, எழுத்தாளன் என்ற மரியாதையோடு உட்கார்ந்திருந்தான்.

2021 கடைசியில் பிட்காயின் 69,000 டாலர் வரை போனது. உலகமே பணக்காரனாகிக்கொண்டிருக்க, நான் மட்டும் ஒதுங்கியிருப்பதாக எனக்கு ஒரு பிரமை. ஒரு நாவலுக்கு வந்த ராயல்டியில் அறுபதாயிரம் ரூபாயை ஒரு சில்லறை நாணயத்தில் போட்டேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். 2022 மே மாதம் லூனா என்ற நாணயம் ஒரே வாரத்தில் எண்பது டாலரிலிருந்து ஒன்றுமில்லாமல் சரிந்தபோது, கூடவே விழுந்தவற்றில் என்னுடையதும் ஒன்று. மிஞ்சியது ஆயிரத்துச் சொச்சம். கடையில் கேட்டார்கள். "கெடக்குது, ஏறும்" என்றேன்.

இதாவது பணம். மற்றொன்று அப்படியல்ல. எனக்கும் சர்க்கரை உண்டு. டாக்டர் கொடுத்த மாத்திரையோடு கடையில் சொன்ன பொடியையும் சில மாதம் சாப்பிட்டேன். கூடவே இரவுச் சாப்பாட்டையும் குறைத்தேன். சோதனையில் அளவு நன்றாக இறங்கியிருந்தது. மறுநாள் கடையில், "பொடி சாப்பிடறேன், சர்க்கரை எறங்கியிருக்கு" என்று சொன்னேன். அதில் எந்த வார்த்தை பொய்? ஒன்றுமில்லை. மாத்திரையை நிறுத்தவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இன்று யோசித்தால், அந்தக் காலை நேரத்தில் எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள், நானும் அவர்களில் ஒருவனாக இருக்க விரும்பினேன் என்பதைத் தவிர வேறு காரணம் அகப்படவில்லை.

பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார். துறைமுகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கிரேன் ஓட்டியவர். என்னைத் 'தம்பி' என்றே கூப்பிடுவார். "தம்பி படிச்ச ஆளு, தம்பியே சொல்லுது" என்று வீட்டில் சொல்லிவிட்டு அவர் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். இந்தப் 'படிச்ச ஆளு' கல்லூரியை இரண்டாம் வருஷத்தோடு விட்டவன் என்பது அவருக்குத் தெரியாது. ஆறேழு மாதத்தில் காலில் ஒரு புண். அதற்கும் ஏதோ இலையை அரைத்துக் கட்டினார். கடைசியில் அரசாங்க ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள், உயிரைக் காப்பாற்றினார்கள். திரும்பி வந்தவர் கடையில் சொன்னது: "ஆணி குத்திட்ச்சிப்பா, கவனிக்காம வுட்டேன்."

மகாபாரதத்தில் தருமபுத்திரர் 'அசுவத்தாமன் செத்தான்' என்பதை உரக்கவும், 'யானை' என்பதை மெல்லவும் சொன்ன கட்டத்தைச் சிறுவயதில் கேட்டபோது, அது எப்படிப் பொய்யாகும் என்று நான் பாட்டியோடு வாதாடியிருக்கிறேன். அதுவரை பூமியில் படாமல் ஓடிய அவருடைய தேர் அன்றைக்குத் தரையில் இறங்கியதாம். அவருக்காவது ஒரு யுத்தம் ஜெயிக்க வேண்டியிருந்தது. எனக்கு ஒரு பெஞ்சியில் நல்ல பேர் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

'அவர் உடம்பு, அவர் இஷ்டம். நீ ஏன் குமைகிறாய்?' என்று ஒரு நண்பர் என்னைத் தேற்றினார். மனிதன் தன் உடம்பையும் பணத்தையும் தன் புத்திப்படி ஆள உரிமை உள்ளவன் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால், எந்தப் புத்திப்படி? அவர் தீர்மானித்தது நான் கொடுத்த செய்தியை வைத்து. அளவு குறைந்த படியால் அளந்து கொடுத்துவிட்டு, வாங்குகிறவன் சுதந்திரமாகத்தான் வாங்கினான் என்று ஒரு கடைக்காரன் சொன்னால் நாம் ஒப்புவோமா? சர்க்கரையைக் குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954 முதலே இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. தேநீர் குடித்துக்கொண்டே ஒருவன் தன் சொந்த அனுபவத்தைப் பாதியாகச் சொல்வதை எந்தச் சட்டம் தடுக்கும்?

தோற்றவர்கள் வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு பழைய உதாரணம் உண்டு. 1906 அக்டோபர் 22-ஆம் தேதி அர்பத்நாட் கம்பெனி திவாலாயிற்று. வெள்ளைக்காரக் கம்பெனி, நெடுங்காலப் பெருமை, நம்பாதவனே மூடன் என்று சொல்லப்பட்ட இடம். (பிட்காயினைக் கண்டு நடுங்குகிற பெரிய மனிதர்கள் இதையும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.) பணத்தைப் பறிகொடுத்தவர்கள் அதை மறைத்து வைக்கவில்லை. கூடிப் பேசினார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள். ஸர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. அவர்களுக்காக நின்ற வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயரின் முயற்சியில் 1907 ஆகஸ்டில் இந்தியன் வங்கி பிறந்தது. இன்றும் இருக்கிறது. நஷ்டப்பட்டவர்கள் அத்தனை பேரும் "ஆணி குத்திவிட்டது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் அந்த வங்கி ஏது?

ஆனால் அவர்களால் பேச முடிந்ததற்கு ஒரு காரணம், ஊரே சேர்ந்து ஏமாந்திருந்தது. யாரைப் பார்த்து யார் சிரிப்பது? நம் கடைக்காரர்களின் நிலை வேறு. ஒவ்வொருவனும் தனித்தனியே ஏமாறுகிறான். அவனைப் பார்த்துச் சிரிக்கக் காத்திருப்பவர்கள் யார் யார்? அவனை நம்ப வைத்தவர்கள் மட்டும் அல்ல. 'நாங்கள் அப்போதே சொன்னோமே' என்கிற பகுத்தறிவாளர்களும், 'படிக்காத ஜனங்கள்' என்று எழுதுகிற என்னைப் போன்றவர்களும்தான். நம்முடைய கேலி அவர்களைத் திருத்தியதாக எனக்குத் தெரியவில்லை. வாயை மூட வைத்திருக்கிறது.

போன மாதம் பெரியவரைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போனேன். என் பங்கை ஒப்புக்கொண்டேன். மாத்திரையை நான் நிறுத்தவே இல்லை என்று சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. கட்டிலில் காலை நீட்டி வைத்துக்கொண்டு, "எனக்கு அப்பவே சந்தேகந்தான் தம்பி" என்றார். பிறகு ஏன் கடையில் ஆணி என்று சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"வேற இன்னா சொல்றது? கெழவனுக்குப் புத்தி பூட்ச்சின்னு சிரிப்பானுங்க. நீ சொன்னியா தம்பி, உன் துட்டு பூட்ச்சின்னு?"

அவருக்கு அதுவும் தெரிந்திருக்கிறது!

மறுநாள் கடைக்குப் போனேன். எழுதியதைப் படிப்பதென்றால் எனக்குக் கூச்சமில்லை. இதைச் சொல்ல நாக்கு ஒட்டிக்கொண்டது. அறுபதாயிரத்தையும் சொன்னேன், மாத்திரையையும் சொன்னேன். பெரியவரின் காலைப் பற்றிச் சொல்லவில்லை. அது அவர் சொல்ல வேண்டியது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பையன் சிரித்தான். "சார் அவசரப்பட்டு பயந்துட்டாரு, ஹோல்ட் பண்ணியிருக்கணும்" என்றான் இன்னொருவன். பொடிக்காரர் கட்சி, மாத்திரை இருந்தால் பொடி வேலை செய்யாது என்று எனக்கே விளக்கம் சொல்லிவிட்டது. சர்ச்சை பழையபடி தொடர்ந்தது.

காசு கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். ஒரு கண்டெய்னர் லாரி ஓட்டுநர் – தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், சர்ச்சையில் அதிகம் கலந்துகொள்ளாதவர் – பின்னாலேயே வந்தார். சாலையைப் பார்த்தபடி, "எனக்கு மூணு லட்சம் அண்ணாச்சி" என்றார். "வீட்ல தெரியாது. வண்டி ரிப்பேருன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

எதில் போட்டார், எப்போது போட்டார் என்று நான் கேட்பதற்குள் வரிசை நகர்ந்தது. அவர் வண்டியைப் பார்க்க ஓடினார்.