ஜீரோ வாட்ஸ் பல்பு

எங்கள் தேனாம்பேட்டை வீட்டில் திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே சிவப்பாக ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு இரவும் பகலும் எரியும். படத்தில் ஆண்டவரின் நெஞ்சிலிருந்து தங்கக் கதிர்கள் பாயும். தெய்வம் தெரிந்தால் அப்படித்தான் கண் கூசும் என்று சிறுவயதில் நம்பினேன். செபமாலை சொல்லும்போது ஓரக்கண்ணால் அந்தக் கதிர்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாளும் அசையவில்லை. காட்சி எதுவும் கிடைக்காதவன் விசுவாசம் எதில் சேர்த்தி என்ற கேள்வி ஐம்பது வயது தாண்டியும் என்னை விடவில்லை.

ஞாயிறு பூசைக்கு எல்டாம்ஸ் சாலை வழியாக லஸ் பிரகாச மாதா கோயிலுக்குப் போவோம். பழைய ஆட்களுக்கு அது காட்டுக்கோயில். கல்வெட்டில் 1516 என்று இருக்கிறது. 'லஸ்' என்றால் போர்த்துக்கீசிய மொழியில் வெளிச்சம். கடலில் திசை தப்பியவர்களுக்குக் கரையில் ஒரு வெளிச்சம் தெரிந்ததாம். அதைப் பார்த்தே கரையேறி நடந்தார்களாம். இந்த இடத்துக்கு வந்ததும் மறைந்துவிட்டதாம். நான் கேட்டு வளர்ந்த கதையில் மாதாவின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. கரை சேரும் அளவுக்கு வெளிச்சம் கிடைத்தது, கோயில் கட்டினார்கள்.

இயேசு உயிர்த்தெழுந்ததைக் காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்ற சீடர் தோமாவின் கல்லறையும் பக்கத்தில்தான், சாந்தோமில். அவரை இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1601-02 வாக்கில் வரைந்தார். அச்சுப்படத்தில்தான் பார்த்திருக்கிறேன், பலமுறை. இயேசுவின் தலையைச் சுற்றி ஒளிவட்டம் கிடையாது. பின்னால் ஒரே இருட்டு. எங்கிருந்தோ பக்கவாட்டில் வரும் வெளிச்சம் தோமாவின் நெற்றிச் சுருக்கத்திலும், தோளில் தையல் விட்ட சட்டையிலும் விழுகிறது. தோமாவின் மணிக்கட்டைப் பிடித்துக் காயத்துக்குள் விரலைக் கொண்டுபோவது இயேசுவின் கைதான். சந்தேகப்பட்டவன் மேல் துளிக் கோபம் இல்லை. எந்தக் கதிர் படமும் தராத ஆறுதல் எனக்கு அந்தப் பிடியில் கிடைத்தது.

அம்மாவுக்குக் கடைசி வருடங்களில் பார்வை மங்கிவிட்டது. ராத்திரி தண்ணீர் குடிக்கத் தனியாகவே எழுந்து வருவாள். விழுந்துவிடப்போகிறாள் என்று ஒருமுறை பதறி ஓடினேன்.

"ஆண்டவர் முகம் தெரியலப்பா. பல்பு செவப்பா தெரியுது. அத வச்சு வந்துடுவேன், நீ தூங்கு" என்றாள்.

போன மாதம் பல்பு ஃபியூஸ் போய்விட்டது. அன்று இரவே கடை சாத்துவதற்குள் ஓடி இன்னொன்று வாங்கிவந்து மாட்டினேன்.