ஒழுகுதல்

'ஒழுகு' என்ற வினைக்குத் தமிழில் இரு பொருள். கூரை ஒழுகுகிறது; மனிதன் ஒரு நெறிப்படி ஒழுகுகிறான். ஒழுக்கு, ஒழுக்கம் இரண்டும் அதே வேரிலிருந்து வருபவை. இடையறாமல் ஒரு திசையில் செல்வதுதான் அடிப்படை. ஆனால் கூரையில் குறையாக நிற்பது மனிதனில் நிறைவாக நிற்கிறது. இந்த முரணை யோசித்துப் பார்க்க ஒரு பழைய காரின் ரேடியேட்டர் போதும்.

அம்பாஸடர் உற்பத்தி 2014ல் நின்றது. பிரீமியர் பத்மினி அதற்கு முன்பே போயிற்று. சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆர்வலர்களின் சேகரிப்பாகிவிட்டது. ஆனாலும் மயிலாப்பூர் மாட வீதிகளுக்குப் பின்னாலுள்ள சந்துகளிலும் அடையாறு காந்தி நகர் வீடுகளின் போர்ட்டிகோக்களிலும் இவற்றில் ஒன்றிரண்டு மிச்சமிருக்கின்றன. இவற்றின் தீராத நோய் தண்ணீர். எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தண்ணீர்தான் சுமந்து வெளியேற்ற வேண்டும். நாம் ஊற்றுவதோ பெரும்பாலும் உப்பேறிய போர் தண்ணீர். அது உள்ளே பாறையாகப் படியும், உலோகத்தை அரிக்கும்.

கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் ஓட்டும்போது குறை தெரியாது. தீபாவளிக்கு முந்தின வாரம் பனகல் பூங்காவைச் சுற்றி ஊர்ந்தால் முள் ஏறும். ஓட்டத்தின் காற்று இல்லை. விசிறியோ எஞ்சினோடு பெல்ட்டால் கட்டப்பட்டது, எஞ்சின் மெதுவானால் அதுவும் மெதுவாகும். சூடு ஏற அழுத்தம் ஏறும். சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடியின் கீழ் தண்ணீர் ஏறக்குறைய 110 டிகிரியில்தான் கொதிக்கும். குளிரில் மூடிக் கிடந்த விரிசல் அப்போது வாய் திறக்கும். வண்டி நின்று ஆறியபின் தேடினால் எல்லாம் காய்ந்து கிடக்கும்.

மலையில் புகை, எனவே அங்கே நெருப்பு என்பது நம் தர்க்க நூல்களின் பழைய உதாரணம். பானெட்டின் மேல் எழும் ஆவி அப்படி எதையும் நிரூபிப்பதில்லை. கீழே விழும் சொட்டும் தான் பிறந்த இடத்தைச் சொல்வதில்லை. விசிறியின் காற்று அதை வீசி எறிகிறது. சட்டத்தின் இரும்பு வழியே ஓடி வேறெங்கோ சொட்டுகிறது. மணிமேகலையின் 29ஆம் காதை போலி ஏதுக்களை வகைவகையாகப் பிரித்துக் காட்டுகிறது. மெக்கானிக் தினமும் சந்திப்பவை அவைதான். எனவே அவர் எஞ்சின் ஆறும்வரை காத்திருக்கிறார். பிறகு மூடி இருந்த இடத்தில் கைப்பம்பைப் பொருத்தி, மூடி தாங்கும் அளவுக்கு மட்டும் அழுத்தம் ஏற்றி, முள்ளைப் பார்க்கிறார். முள் இறங்கினால் டார்ச்சோடு ஹோஸ்களின் கிளிப்புகள், ரேடியேட்டரின் பற்றவைத்த விளிம்புகள், வாட்டர் பம்ப் என்று ஒவ்வொன்றாக வருகிறார். எங்கும் ஈரமில்லாமல் முள் மட்டும் இறங்கினால் விஷயம் பெரிது. ஹெட் கேஸ்கெட் போய், தண்ணீர் சிலிண்டருக்குள்ளோ எண்ணெய்க்குள்ளோ இறங்கியிருக்கலாம். அப்போது டிப்ஸ்டிக்கில் எண்ணெய் பால் காப்பியின் நிறத்தில் வரும். வெளியே தெரியாத ஒழுகல்தான் எஞ்சினைக் கொல்வது.

வாட்டர் பம்பின் உடலில், சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவே, ஒரு சிறு துளை உண்டு. அது பழுதல்ல, வேண்டுமென்றே போட்டது. சீல் தேயும்போது தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் இந்தத் துளை வழியாக வெளியே வந்து சொட்டவேண்டும் என்பதற்காக. செய்தவனே தன் பொருள் ஒருநாள் தோற்கும் என்று ஏற்றுக்கொண்டு, அந்தத் தோல்வி வெளியே தெரிவதற்கும் வழி வைத்திருக்கிறான். இதைப் புரிந்துகொள்ளாதவர் அதை எம்-சீல் வைத்து அடைக்கிறார். சொட்டு நிற்கிறது. சில நாளில் பேரிங் போகிறது, தண்டு ஆடுகிறது, விசிறி ரேடியேட்டரில் போய் மோதவும் செய்யலாம். இங்கே ஒழுகுதல்தான் பம்பின் ஒழுக்கம். அடைத்தது அதன் வாயை.

அப்படியானால் அடைப்பதெல்லாம் பொய்யா? ரேடியேட்டரில் மஞ்சள் பொடி போடுவது நம் சாலைகளின் பழைய கைவைத்தியம். பொடி நீரில் ஊறிப் பருத்து, ஓட்டத்தோடு போய், துளையில் ஒட்டிக்கொள்கிறது. நடுவழியில் நிற்பவனை அது வீடு சேர்க்கும். அந்த இரவில் அதைவிட நேர்மையான காரியம் வேறில்லை. மறுநாள் ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவிப் பற்றவைக்காமல் விட்டால் அதே பொடி மெல்லிய குழாய்களையும் அடைத்து எஞ்சினை வேகவைக்கும். செயல் ஒன்றேதான், காலம் அதன் அர்த்தத்தை மாற்றுகிறது. தற்காலிகம் என்று நமக்கு நாமே சொன்னதை நாமே மறக்கும் கணத்தில் மஞ்சள் பொடி பொய்யாகிறது.

மெக்கானிக்குகள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வண்டிய வச்சிக்கப் போறீங்களா சார், குடுத்துடப் போறீங்களா?" வைத்துக்கொள்பவருக்கு ஒரு வேலை, கொடுத்துவிடுபவருக்கு வேறு வேலை. அவர் கெட்டவர் அல்ல. நம் வழக்கத்தை அறிந்தவர். பழுதின் ஆழத்தை இரும்பு தீர்மானிக்கவில்லை, நாளை அதைச் சுமக்கப்போவது யார் என்பது தீர்மானிக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 17ஆம் பிரிவில் இதே இடத்துக்கு வருகிறது. அங்கே கார் இல்லை, குதிரை. நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்பவன் நோயைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தால் அது மோசடி அல்ல. வாங்குபவள் அப்போதுதான் பருவம் எய்திய அவன் மகளாக இருந்தால் சொல்வது அவன் கடமை. ஆனால் தெரிந்த குறையை முனைந்து மறைத்தால், வாங்குபவர் யாராக இருந்தாலும், ஏமாற்றும் நோக்கம் இருக்கும்போது அது மோசடி. சொட்டுகிற வண்டியைச் சும்மா நிறுத்திவைத்து விற்பதற்கும் சொட்டை மஞ்சளால் நிறுத்தி விற்பதற்கும் இடையே சட்டம் கோடு கிழிக்கிறது. அறத்தின் கோடு அதற்கு முன்னாலேயே இருக்கிறது. மகளுக்குச் சொல்ல வேண்டியதை அந்நியனுக்குச் சொல்ல வேண்டாம் என்பதற்கு, அவன் அந்நியன் என்பதைத் தவிர வேறு காரணம் எதையும் நம்மால் தர முடியுமா?

வறுமை ஒரு காரணம் எனலாம். வண்டியை ஓட்டித்தான் அன்றைய சாப்பாடு என்பவன் புதுப்பேட்டையில் பழைய ரேடியேட்டர் தேட ஒருநாள் வருமானத்தை விடவேண்டும். அவன் மஞ்சளோடு ஒரு மாதம் ஓட்டினால் குறை காண நமக்கு உரிமையில்லை. நட்டமும் பயமும் அவனுடையவை. ஒழுகலை அவன் யார் தலையிலும் கட்டவில்லை. பச்சை நிறக் கூலண்டைத் தெருவில் திறந்துவிடுபவர் விஷயம் வேறு. அந்த எத்திலீன் கிளைக்கால் தித்திக்கும் விஷம். தெருநாய் நக்கினால் சிறுநீரகம் போய்ச் சாகும். வாங்குபவனாவது பேரம் பேசலாம்.

எந்தப் பொருளும் ஒழுகாமல் இருக்கப்போவதில்லை. பழையதைக் கைமாற்றிக் கொடுப்பதும் குற்றமில்லை. 'பம்ப் சீல் தேய்ந்திருக்கிறது, மஞ்சள் போட்டு ஓட்டுகிறேன்' என்ற ஒரு வாக்கியம் விலையில் சில ஆயிரத்தைக் குறைக்கும். குறையட்டும். நாம் ஒழுகுவது எப்படி என்று தெரிந்துகொள்ள அதுதான் விலை.