பனியே பார்க்காதவன் பனியைப் படிக்கக் கூடாதா?

"திருவண்ணாமலைப் பக்கம், கீழ்பென்னாத்தூரில் பனிச்சரிவு எங்கே வரப்போகிறது?" என்று சிரிக்கிறாயா?

சிரி. சிரித்து முடித்துவிட்டுக் கேள்!

2016 பிப்ரவரி 3. சியாச்சின். 19,600 அடி உயரம். மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் பத்துப் பேர் மீது பனிச்சுவர் இடிந்து விழுந்தது. அவர்களில் நான்கு பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். வேலூர், கிருஷ்ணகிரி, மதுரை, தேனி. இதில் எந்த மாவட்டத்தில் பனிமலை இருக்கிறது, சொல்!

ஆறு நாள் கழித்து, அந்தப் பத்துப் பேரில் ஹனுமந்தப்பா என்ற வீரரை மட்டும் உயிரோடு எடுத்தார்கள். பிப்ரவரி 11 அன்று அவரும் போய்விட்டார்.

நாளை நீ ராணுவத்துக்குப் போகலாம். குல்மார்க்குக்கோ மணாலிக்கோ நண்பர்களோடு கிளம்பலாம். அங்கே போய் நின்றுகொண்டா படிக்கப் போகிறாய்?

"பயமாக இருக்கிறது" என்கிறாயா? நல்லது! பயப்படு. ஆனால் பயந்து உட்காராதே. பயந்துகொண்டே படி!

பனிமலைக்கு உல்லாசமாகப் போய்ச் சரிவில் சாகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேரை எது கொல்கிறது தெரியுமா? அவரோ கூட வந்தவரோ கால் வைத்துக் கிளப்பிவிட்ட சரிவு! அங்கே மலை தானாக வந்து விழவில்லை. நாம்தான் போய் மிதிக்கிறோம்.

அப்படியானால் மிதிக்காமலும் இருக்கலாம் அல்லவா?

களத்துமேட்டில் கேழ்வரகைப் பரப்பு. அதன்மேல் பலகையைப் போட்டு ஏறி நில். சறுக்குகிறதா? அதேதான்! அடியில் பொலபொலவென்ற பழைய பனி. மேலே காற்று அடித்து இறுக்கிய புதுப்பனி. உன் எடை போதும், மொத்த அடுக்கும் கழன்று ஓடும்.

எங்கே ஓடும்? பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சரிவில். அளக்கக் கருவி இல்லையா? உன் கைப்பேசியே அளக்கும்! அதில் ரீல்ஸ் மட்டும்தான் பார்ப்பாயா?

பெரும்பனி பெய்து ஓய்ந்த ஓரிரு நாள், ஆபத்து. காலடியில் 'வுப்' என்று பனி அமுங்கும் சத்தம், ஆபத்து. சரிவைக் கடந்தே ஆகவேண்டுமா? ஒவ்வொருவராகக் கட! மற்றவர்கள் கண்ணை எடுக்காதீர்கள்.

"அதெல்லாம் ஆண்பிள்ளைகளுக்கு" என்கிறாயா, தங்கச்சி? விருதுநகர் வெயிலில் வளர்ந்த முத்தமிழ்ச்செல்வி 2023 மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியில் நின்றார். போதுமா?

ஆனால் ஒன்று. "உன்னால் முடியும், ஏறு" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறவனை நம்பாதே. என்னைப் போல் எழுதுகிறவர்களிலும் அப்படிப் பலர் உண்டு.

சவிதா கன்ஸ்வால் எவரெஸ்ட் ஏறியவர். மலையேற்றப் பயிற்றுநர். 2022 அக்டோபர் 4 அன்று உத்தராகண்டில், திரௌபதி கா டாண்டாவில், பயிற்சிக் குழுவோடு பனிச்சரிவில் மாண்டார். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள்! எவரெஸ்ட் ஏறியவர் என்று பனி ஒதுங்கிப் போகவில்லை.

உச்சி கண்ணுக்குத் தெரியும். "இன்னும் கொஞ்சம்தான், வாடா" என்பான் கூட வந்தவன். அப்போது "வேண்டாம், திரும்பு" என்று சொல்ல உனக்கு நெஞ்சுரம் உண்டா? கோழை என்பார்களே என்று வாயை மூடிக்கொள்வாயா?

நம் மலையையே பார். 2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் மழை. திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஏழு பேர் பலி. ஐந்து பேர் குழந்தைகள். அந்த வருடம் கார்த்திகைத் தீபத்துக்கு 2,668 அடி உச்சிக்குக் கொப்பரை போனது. ஆனால் பக்தர் கூட்டத்தை மலையேற விடவில்லை. முணுமுணுத்தவர்களில் நீயும் ஒருவனா?

பனியோ மண்ணோ, கணக்கு ஒன்றுதான். சரிவு. சுமை. பிடிமானம் விட்ட அடுக்கு.

பனியில் புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி ஆனால் மூன்றில் ஒருவர்தான்! ஹெலிகாப்டர் வரும்வரை மூச்சு காத்திருக்காது. பக்கத்தில் நிற்கும் நீதான் காப்பாற்ற வேண்டும். புதைந்தவர் இருக்கும் இடத்தைச் சிக்னலால் காட்டும் டிரான்ஸ்சீவர் கருவி, குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வாரி. மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். கை பழகியிருக்க வேண்டும்.

மலையேற்றம் பழக உத்தரகாசி, டார்ஜிலிங், மணாலி என்று பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. விண்ணப்பம் போடு. அதுவரை? வறண்ட ஏரியில் மணல் இருக்கிறது. கம்பி இருக்கிறது. மண்வாரி இருக்கிறது. இன்னும் என்ன சாக்கு?

நண்பனிடம் ஒரு மூட்டையை இடுப்பளவு ஆழத்தில் புதைக்கச் சொல். எங்கே என்று கேட்காதே. கடிகாரத்தைப் பார். குத்து! தேடு! தோண்டு!

பத்து நிமிடத்தைத் தாண்டிவிட்டதா? மறுபடி புதைக்கச் சொல்!