புகையும் பனியும்

தர்க்கத்தின் வடிவத்துக்கு மனசாட்சி கிடையாது. இது குறையா, நிறையா என்பதே என் கேள்வி.

அரிஸ்டாட்டில் வகுத்த முக்கூற்று முடிவில் இரண்டு எடுகூற்றுகள். அவற்றிலிருந்து தப்பாமல் பிறக்கும் ஒரு முடிவு. எல்லா அ-வும் ஆ, இது அ, ஆகவே இது ஆ. அந்த இடங்களில் எதைப் போட்டாலும் வடிவம் குலையாது. போட்டது மெய்யா என்று அது விசாரிப்பதுமில்லை.

மணிமேகலையின் 29ஆம் காதையில், காஞ்சியில் அறவண அடிகள் சொல்லும் அளவை வேறு வகை. மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களைபோல. பக்கம், ஏது, திட்டாந்தம். ஏது நொண்டினால் வாதமே வழு. அனுமந்தன்பட்டியிலிருந்து மேற்கே மலையைப் பார்க்கிறவனுக்கு இது வெறும் பாடமல்ல. ஒரு பருவத்தில் அங்கே தவழ்வது பனி. கோடையில் அதே சரிவில் எழுவது காட்டுத்தீயின் புகை. தூரத்துக்கு இரண்டும் ஒரே வெண்மை. பனியோ ஆவியோ என்ற ஐயம் தீராமலே புகை என்று கொண்டு நெருப்பை ஸ்தாபிப்பது அங்கே ஒரு வழு, பெயர் சித்தாசித்தம். இன்னொன்று அநைகாந்திகம். அதன் ஒரு வகையில், ஏது தனக்கு வேண்டிய இடத்திலும் இருக்கும், வேண்டாத இடத்திலும் இருக்கும். அதனால் எதையும் நிறுவாது.

இந்த இரண்டாவது வழுவுக்கு உதாரணம் தேடி நான் அதிக தூரம் போகவேண்டியதில்லை. 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், வழக்கில் ரேகைச் சட்டம், செய்த அனுமானம் இது: இச்சாதியில் பிறந்தோர் எல்லாரும் குற்றவாளிகள், இவன் இச்சாதியில் பிறந்தவன், ஆகவே இவன் குற்றவாளி. வடிவத்தில் பொட்டுக் குறையில்லை. ஆனால் அந்தப் பிறப்பு திருடியவனுக்கும் உண்டு, திருடாதவனுக்கும் உண்டு. அன்று இந்தப் பள்ளத்தாக்கையும் உள்ளடக்கிய மதுரை மாவட்டத்தில், பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மறுத்து நின்ற கள்ளர்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. பலர் மாண்டார்கள். சென்னை மாகாணத்தில் சட்டம் நீங்க 1947 ஆயிற்று.

அப்படியானால் வடிவத்தைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது என்பேன். வடிவம் சரி, முடிவு பொய் என்றால், பொய் எடுகூற்றில்தான் இருந்தாக வேண்டும். சட்டம் நல்லது, நடத்தியவர்கள்தான் பிசகினார்கள் என்ற சமாதானத்துக்கு அங்கே இடமில்லை. பிசகு முதல் வாக்கியத்தில், 'எல்லாரும்' என்ற ஒரு சொல்லில். மனசாட்சியற்ற வடிவம்தான் அந்த இடத்தை விரல்வைத்துக் காட்டுகிறது.

தமிழ்ப் பேச்சில் அந்தச் சொல் பெரும்பாலும் ஓர் ஏகாரத்துக்குள் ஒளிந்திருக்கும். 'அந்த ஆட்களே அப்படித்தான்' என்று டீக்கடையில் ஒருவர் ஆரம்பித்தால், நான் முடிவோடு வாதாடுவதில்லை. அந்த ஏகாரத்துக்கு மட்டும் கணக்குக் கேட்கிறேன்.