விதி என்று சொல்லுமுன்

வளர்த்த பிராணி பிரசவத்தில் செத்துப்போனால் நம் ஊரில் முதலில் வரும் சொல் விதி. நெய்வேலியில் கால்நடை வைத்தியம் பார்க்கும் எனக்கு இதில் வழக்கு உண்டு. சைவக் குடும்பத்தில் பிறந்தவள் நான். வினையையும் மறுபிறவியையும் நம்புகிறவள். ஆனால் நம் கை செய்ததையெல்லாம் முற்பிறவிக் கணக்கில் எழுதிவிட்டுப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று இப்போது பல வீடுகளில் கினிப் பன்றி வாங்குகிறார்கள். எலிக்குச் சினைக்காலம் மூன்று வாரம்தான். இதற்கு 59 முதல் 72 நாள் வரை. அத்தனை நாள் உள்ளே வளர்வதால் குட்டி கண் திறந்து, மயிரும் பல்லுமாகப் பிறக்கிறது. பால் பல்லைத் தாய் வயிற்றிலேயே இழந்துவிட்டுத்தான் வெளியே வரும்! பிறந்த அன்றே ஓடும். ஓரிரு நாளில் புல்லைக் கொறிக்கும். அதை உள்ளங்கையில் ஏந்தும்போதெல்லாம் படைத்தவனை நினைத்துக்கொள்வேன்.

இந்த முழுமைக்கு விலை கொடுப்பது தாய். குட்டி பெரிசு, வழி குறுகல். முதல் ஈற்று ஆறேழு மாத வயதுக்குள் நடந்தால் இடுப்பின் முன்பக்க எலும்பு இணைப்பு ஒரு விரல் அகலத்துக்கு விலகிக் கொடுக்கும். அந்த வயது தாண்டினால் பெரும்பாலும் இறுகிவிடும்.

ஒருமுறை ஒன்றரை வயதுப் பெட்டையைக் கொண்டுவந்தார்கள். முதல் சினை. காலையிலிருந்து முக்கிக்கொண்டிருந்தது, ரத்தக் கசிவும் இருந்தது. இணைப்பைத் தொட்டுப் பார்த்தேன், துளியும் விலகவில்லை. வயிற்றைத் திறந்து எடுத்ததில் ஒரு குட்டி பிழைத்தது. தாய் மறுநாள் போய்விட்டது. "அதோட விதி டாக்டர், நாம என்ன செய்ய முடியும்?" என்றார் வீட்டுக்காரர். தனியாக ஏங்குகிறதே என்று ஆணை வாங்கிக் கூண்டில் விட்டவர் அவர்தான். நல்ல மனசு, சந்தேகமில்லை. ஆனாலும் அந்தச் சாவுக்கான காரணம் இந்தப் பிறவியில், அந்தக் கூண்டுக்குள் நடந்தது.

பக்கத்து வடலூரில் 1867இல் தருமச்சாலை தொடங்கிய வள்ளலார் இந்தக் கேள்வியை நேராகவே எடுத்துக்கொண்டார். வினையால் பசிப்பவனுக்குச் சோறிடுவது கடவுள் கட்டளைக்கு விரோதமாகாதா? சிறையில் கிடக்கும் குற்றவாளிக்கும் அரசன் உணவு கொடுக்கத்தானே செய்கிறான் என்பது 'ஜீவகாருண்ய ஒழுக்க'த்தில் அவர் சொல்லும் சமாதானம். கூண்டில் இருக்கும் உயிருக்கோ அரசனே நாம்தான். எதைத் தின்பது, எதோடு சேர்வது, எப்போது சேர்வது, எல்லாம் நம் முடிவு. முடிவு நம்முடையதென்றால் வினையும் நம்முடையதுதான்.

இந்தச் சின்ன உயிருக்கு நாம் கடன்பட்டும் இருக்கிறோம். நம்மைப் போலவே அதன் உடம்பும் வைட்டமின் சி தயாரிக்காது; உணவில் அது கிடைக்காவிட்டால் ஸ்கர்வி நோய் வரும். தானியம் மட்டும் கொடுத்தால் கினிப் பன்றிக்கு ஸ்கர்வி வருகிறது என்று 1907இல் நார்வேயின் ஹோல்ஸ்டும் ஃப்ரோலிக்கும் காட்டினார்கள். மனிதரின் ஸ்கர்விக்குக் காரணம் தேடியவர்களுக்கு வழி காட்டியது அது பட்ட நோய்.

வளர்ப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வயது கடந்த, ஈனாத பெட்டையோடு ஆணை விடாதீர்கள். சினையானதைக் கொழுக்க விடாமல் உலர்புல்லும் தினம் கொஞ்சம் குடைமிளகாயும் கொடுங்கள். கடைசி வாரங்களில் தீனியைத் தொடாவிட்டால் அன்றே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே அது மறுபடி சினைப்படும். அதனால் ஆணை முன்கூட்டியே பிரித்துவிடுங்கள். மூன்று வாரத்தில் ஆண் குட்டிகளையும் தனிக் கூண்டுக்கு மாற்றுங்கள்.