முதலில் வடிகாலை வெட்டு!

"இனி இந்த மண்ணில் புல்கூட முளைக்காது!"

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக் கடலோர வயல்களைப் பார்த்து இப்படிப் பேசியவர்கள் உண்டு. பேச்சில் நியாயமும் இருந்தது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அந்தக் கடல், நின்றிருந்த சம்பாவின் மேலேயே ஏறி வந்தது. நீர் வற்றியதும் மண்ணில் வெள்ளை வெள்ளையாய் உப்பு பூத்தது.

அன்று உழவர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தால் அந்த வயல்கள் இன்று சீமைக்கருவேலங் காடு. உட்காரவில்லை. அங்கே மறுபடி நெல் விளைந்தது!

நண்பனே, உன் வாழ்விலும் அப்படியோர் அலை அடித்திருக்கலாம். வேலை போயிருக்கலாம், தொழில் நொடித்திருக்கலாம், மூன்றாம் முறையும் தேர்வு கைவிட்டிருக்கலாம். "அவ்வளவுதான் நான்" என்று முடிவு கட்டுமுன், உப்பு ஒரு பயிரை எப்படிச் சாய்க்கிறது என்று பார்.

ஈரமுள்ள வயலிலேயே பயிர் தாகத்தில் வாடும். மண்ணிலுள்ள நீரில் உப்பு ஏற ஏற, வேர் அதை இழுக்க முடியாமல் திணறும். அடுத்த அடி, உணவில். பொட்டாசியம் நுழைய வேண்டிய வாசலில் சோடியம் முண்டியடிக்கும். நைட்ரேட்டின் வழியைக் குளோரைடு மறிக்கும். இலை நுனி கருகும், தூர் குறையும், கதிர் பதராகும். மண்ணின் உப்பு அளவு மீட்டருக்கு 8 டெசிசைமன் வரை வாற்கோதுமை தாங்கும். நெல்லுக்கோ 3-ஐத் தாண்டினாலே விளைச்சல் இறங்கும்.

கவனி! சத்து மண்ணில் இருக்கிறது. அதை எடுக்கத்தான் வேரால் முடியவில்லை. உன் கதையும் இதுதானே? திறமைக்கா பஞ்சம்? நேற்றைய அவமானம் வேரைச் சுற்றி உறைந்து கிடக்கிறது. வாய்ப்பு காலடிக்கே வந்தாலும் உறிஞ்ச முடியாமல் நிற்கிறாய்!

இந்த நேரத்தில் உரத்தை அள்ளிக் கொட்டுகிறவர்கள் உண்டு. ரசாயன உரமும் உப்புதான். உவர் மண்ணில் அளவுமீறிக் கொட்டினால் பயிர் இன்னும் கருகும். பத்துப் புத்தகம், நூறு மேடைப்பேச்சு என்று உற்சாகத்தை மட்டும் மனத்தில் கொட்டிக்கொள்வதும் அப்படித்தான். இந்தக் கட்டுரையையும் சேர்த்தே சொல்கிறேன்!

உவர் நிலத்தை மீட்ட உழவர் என்ன செய்தார்? மண்ணைச் சோதித்தார். வயலைச் சமன்செய்து வரப்பை உயர்த்தினார். மழைநீரைத் தேக்கி உப்பைக் கரைத்து வடித்தார். மறுபடி தேக்கினார், மறுபடி வடித்தார். சோடியம் களிமண்ணைப் பிடித்துக்கொண்ட இடத்தில் ஜிப்சம் இட்டார். அதிலுள்ள கால்சியம் சோடியத்தை நெட்டித் தள்ளிவிட்டு அங்கே அமரும். தள்ளப்பட்டது நீரோடு போகும். தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதார்.

இத்தனையிலும் உயிர்நாடி வடிகால். வடிகால் இல்லாத வயலில் எவ்வளவு நீர் தேக்கினாலும் வெயில் நீரைக் குடித்துவிடும். உப்பு அங்கேயே நிற்கும். அழுது தீர்ப்பது நீரைத் தேக்குவது மாதிரி. கரையும், ஆனால் போகாது. எழுந்து ஒரு காரியம் செய்கிறாயே, அதுதான் வடிகால்! கடன்காரரிடம் நேரில் பேசுவது வடிகால். தோற்ற பாடத்தின் விடைத்தாளைப் பிரித்துப் பார்ப்பது வடிகால்.

விதையிலும் உழவருக்குத் தெளிவு உண்டு. களர்ப்பாலை, குழியடிச்சான் என்று உவர் தாங்கும் பாரம்பரிய நெல் இருக்கிறது. திருச்சி அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரி தந்த 'திருச்சி 1' இருக்கிறது. பக்கத்து ஊரில் விளைந்ததை அவர் கண்மூடி விதைப்பதில்லை. நீ மட்டும் ஏன் அடுத்தவர் கனவை உன் மண்ணில் விதைத்துவிட்டு, முளைக்கவில்லையே என்று புலம்புகிறாய்?

ஒரே மழையில் உவர் போகாது. ஒரே நாளில் நீயும் மாறமாட்டாய். பரவாயில்லை! இன்றிரவு ஒரு தாளை எடு. உன் வேரைச் சுற்றிய உப்பு எது என்று ஒளிக்காமல் எழுது. விடிந்ததும் மண்வெட்டியைத் தூக்கு. வயல் உன்னுடையது, முதல் வெட்டும் உன்னுடையதாக இருக்கட்டும்!