தூர நட்சத்திரங்களில் நமக்குச் சகோதரர் உண்டோ?



மாசி, பங்குனி மாதங்களில் விடியுமுன் உப்பளத்துக்குப் புறப்படுகிறவர்கள் தெற்கே பார்த்தால், அடிவானத்துக்குச் சற்று மேலே சிலுவை வடிவாய் நான்கு நட்சத்திரங்களையும், அவற்றுக்கு இடப்புறம் பிரகாசமான வேறு இரண்டையும் காணலாம். அவ்விரண்டில் சிலுவைக்கு எட்ட இருப்பது ஆல்பா சென்டாரி. வெறுங்கண்ணுக்கு ஒன்றாய்த் தெரியும் அது உண்மையில் இரண்டு நட்சத்திரம் என்று கண்டவர், 1689-ம் வருஷம் டிசம்பர் மாதம் நமக்குப் பக்கத்திலுள்ள புதுச்சேரியில் தங்கியிருந்த சேசுசபைக் குருவாகிய ரிஷோ சுவாமியார். சீயம் தேசத்துக் கலகத்தால் இக்கரைக்கு வந்து சேர்ந்தவர். வால் நட்சத்திரம் ஒன்றைத் தூரதிருஷ்டிக் கண்ணாடியால் கவனிக்கையில் இது அவர் கண்ணில் பட்டது.

சூரியனை விட்டால் நமக்கு மிகவும் சமீபமான நட்சத்திரக் கூட்டம் இதுவே. சமீபம் என்றாலும், அதன் ஒளி இங்கு வந்துசேர நாலு வருஷத்துக்கு மேல் செல்லும். அக்கூட்டத்தில் மூன்றாவதான பிராக்சிமா என்னும் சிறு நட்சத்திரத்தை ஒரு கிரகம் சுற்றி வருவதை 2016-இல் கண்டுபிடித்தார்கள். அப்பக்கம் புத்தியுள்ள ஜீவன்கள் உண்டோ என்று ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியைத் திருப்பி வைத்துக் கேட்டபோது, 2019-இல் விசித்திரமான ஒரு குறி பதிவாயிற்று. பத்திரிகைகள் ஆரவாரம் செய்தன. ஆராய்ந்தவர்களோ அவசரப்படாமல் சோதித்து, அது மனுஷருடைய கருவிகளின் இரைச்சலே என்று 2021-இல் தாங்களே வெளியிட்டார்கள். அப்படிச் சொல்லவும் ஒரு யோக்கியம் வேண்டும். 1960-இல் அமெரிக்காவில் ஃபிராங்க் டிரேக் என்பவர் இந்தத் தேடலைத் தொடங்கியது முதல் இதுவரை நிச்சயமான அடையாளம் ஒன்றும் அகப்படவில்லை.

“அகப்பட்டால் நம் வேதம் என்னாகும்?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். பெற்றோர் அவர்களை அதட்டி வாயடைக்கலாகாது. மனுஷரல்லாத புத்தியுள்ள சிருஷ்டிகள் உண்டென்பது நமக்குப் புதுமையா? காவலான சம்மனசை நாம் தினமும் வேண்டிக்கொள்ளவில்லையா? சர்வேசுரன் ஒன்றுக்கு மேற்பட்ட உலகங்களை உண்டாக்க முடியாது என்று சில சாஸ்திரிகள் வாதித்தபோது, அவ்வாறு படிப்பிக்கலாகாதென்று 1277-லேயே பாரீஸ் மேற்றிராணியார் எத்தியேன் தாம்பியே தடை விதித்தார்.

அவர்களுக்காகவும் சேசுநாதர் பாடுபட்டாரா என்பதுதான் கடினமான கேள்வி. அவர்கள் ஆதாமின் சந்ததியார் அல்லவே. பாவமே அறியாதவர்களாயும் இருக்கலாம். தேவசுதன் தாம் எடுத்த மனுஷ சுபாவமன்றி வேறொரு மனுஷ சுபாவத்தையும் எடுக்கக் கூடுமோ என்று அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் விசாரித்து, தேவ வல்லமைக்கு அது கூடும் என்றார். கூடும் என்றாரே தவிர, நடந்தது என்று சொல்லவில்லை. திருச்சபையும் இதில் ஒன்றும் தீர்மானித்ததில்லை. ஆகையால் பிள்ளைகளிடம் “தெரியாது” என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். வீட்டில் இன்னொரு குழந்தை பிறந்தால் மூத்ததின்மேல் தாய் வைத்த பட்சம் குறைந்தா போகிறது? கல்வாரியில் நமக்காக நடந்ததும் அப்படியே.

எனக்குள்ள கவலை வேறு. அப்படிப்பட்டவர்களைச் சகோதரர் என்றே அழைக்கலாம் என்று, வத்திக்கான் வானாராய்ச்சி நிலையத்தின் தலைவராயிருந்த சேசுசபைக் குரு ஃபூனெஸ் 2008-இல் சொன்னார். நல்ல வார்த்தை. ஆனால் கடல் தாண்டிப் போய்ப் புது ஜனங்களைக் கண்டபோது கிறிஸ்தவர்கள் என்ன செய்தார்கள்? அமெரிக்காவின் பூர்வ குடிகள் மெய்யான மனுஷரே, அவர்களுடைய சுயாதீனத்தையும் சொத்தையும் பறிக்கலாகாது என்று 1537-இல் மூன்றாம் சின்னப்பர் பாப்பரசர் எழுதவேண்டியதாயிற்று. எழுதிய பிறகும் பறித்தார்கள்.

அத்தனை தூரம் போவானேன்? ஒரே பந்தியில் திவ்விய நற்கருணை வாங்குகிறவர்கள், செத்தபின் ஒரே மண்ணில் கிடக்கலாகாதென்று கல்லறைத் தோட்டத்தில் ஜாதிச் சுவர் எழுப்பின ஊர்கள் நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. பிராக்சிமாவிலிருந்து யாராவது நம்மைப் பற்றி விசாரித்தால், அந்தக் கேள்வி இங்கு வரவும் நம் பதில் அங்கு சேரவும் எட்டரை வருஷம் செல்லும். அதற்குள்ளாவது அந்தச் சுவர்கள் விழுந்திருக்குமா?